ஊர் கூடி எழுப்பிய நூலகம்

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பின்னால் வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு அலமாரிப் புத்தகங்களும் போயின. ஈழத்து நூல்கள் பெரும்பாலும் குறைந்த பிரதிகளே அச்சானவை. தொலைந்தால் மறுபடி கிடைப்பது அரிது.

தொலைவில் இருந்தபடியே பலர் சேர்ந்து நூல்களைக் காக்கலாம் என்று காட்டியது, 1998 பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம். உலகெங்குமுள்ள தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அதில் சேர்த்தார்கள். அதே வழியில், ஈழத்து எழுத்துக்கென 2005 தைப்பொங்கலில் தி. கோபிநாத்தும் மு. மயூரனும் 'நூலகம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். தட்டச்சில் ஆரம்பித்த வேலை, பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றுவதாக விரிந்தது.

நூல்களைப் பட்டியலிடத் தேர்ந்த கருவிதான் இத்திட்டத்தின் உயிர்நாடி. வார்ட் கன்னிங்காம் 1995-இல் உருவாக்கிய விக்கி முறையில், பக்கத்தைப் பலர் திருத்தலாம்; பழைய வடிவமும் அழியாமல் இருக்கும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளிலேயே நூலகமும் அமைந்தது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம்: நூலக எண், ஆசிரியர், நூல் வகை, வெளியீட்டாண்டு, கீழே 'வாசிக்க', அதன்கீழ் உள்ளடக்கம். ஆசிரியர் பெயரைச் சொடுக்கினால் அவருடைய மற்ற நூல்கள் வரிசையாக வரும். கண்டியில் ஒருவர் ஸ்கேன் செய்ததற்கு டொராண்டோவில் இன்னொருவர் பொருளடக்கம் எழுதலாம். வாசகரே நூலகராகும் வழி இது.

இதனால் வழக்கமான நூலகங்கள் தேடிப் போகாதவையும் உள்ளே வந்தன. பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சிறு சஞ்சிகை, இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கன்று உறவினருக்குக் கொடுக்கும் நினைவு மலர். தேவாரத்தோடு வம்சாவளியும் அச்சாகியிருக்கும் அந்த மெல்லிய புத்தகம், ஒரு குடும்பத்தின் வரலாறு. பல குடும்பங்களுடையதைச் சேர்த்து வைத்தால் ஊரின் வரலாறு. அதை விலைக்கு வாங்க முடியாது. வீட்டுக்காரர் மனமுவந்து எடுத்துத் தந்தால்தான் உண்டு.

ஒரு நூலகத்தை ஆளணியும் கட்டடமும் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதை யாழ்ப்பாணம் கொடுமையாகக் கற்றது. புத்தகத்தின் பிரதி பல இடங்களிலும், அதைப் பேணும் பொறுப்பு பல கைகளிலும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு மலர் கிடந்தால், கறையான் முந்துவதற்குள் 'நூலகம்' திட்டத்துக்கு ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.