அச்சமும் நாணும்: தமிழ் எழுத்தில் பால் அடையாளம்

பால் அடையாளத்தை ஒட்டிய அச்சமும் வெட்கமும் தமிழ் எழுத்தில் இரு நிலைகளில் பதிவாகியுள்ளன. பழைய நூல்களில் மாற்றுப்பாலினர் பிறரால் பார்க்கப்படுகின்றனர். அண்மைக்காலத் தன்வரலாறுகளில் அவர்களே பேசுகின்றனர். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், அந்த வெட்கம் பார்ப்பவர் கண்ணிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது என்பது விளங்கும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் பேடி எனப்பட்ட மாற்றுப்பாலினரை உயர்திணையில் சேர்க்கிறது; ஆனால் அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை, பிற பாலின் ஈற்றையே ஏற்பர் என்கிறது. திருக்குறளின் அவையஞ்சாமை அதிகாரம் (குறள் 727), அவைக்கு அஞ்சுபவன் கற்ற நூலைப் பேடி கையிலுள்ள வாளுக்கு ஒப்பிடுகிறது. ஒரு பிறப்பின் பெயரே அச்சத்துக்கு உவமையாகிவிட்டது.

மணிமேகலையில் புகார் நகர வீதியில் பேடிக் கோல ஆடலை மக்கள் கூடிநின்று காண்கின்றனர். சுருண்ட தாடி, பூச்சூடிய கூந்தல் என்று கோலம் விரிவாக வருணிக்கப்படுகிறது. கோலத்துக்குள் இருப்பவரின் மனம் சொல்லப்படவில்லை. அதே காப்பியத்தில் மணிமேகலையும் உருமாறுகிறாள். இளம்பெண் என்றெண்ணி எவரும் மெய்ப்பொருள் உரைக்கமாட்டார் என்பதால், வஞ்சியில் ஆண் துறவி வடிவில் சமயவாதிகளிடம் பாடம் கேட்கிறாள். பின்பு காஞ்சியில் தன் ஆசானான அறவண அடிகளைக் கண்டதும், வேற்றுருக் கொண்டதைத் தானே அவரிடம் சொல்லிவிடுகிறாள். இகழாத அவையில் வேடத்துக்கு வேலையில்லை.

இருபதாம் நூற்றாண்டில் சு.சமுத்திரத்தின் 'வாடாமல்லி' (1994) சுயம்பு என்ற மாணவரின் மாற்றத்தை நாவலாக்கியது. பரிவு மிக்க நாவல்தான். எனினும் பார்வை வெளியிலிருந்தே வருகிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007), ஆ.ரேவதியின் 'வெள்ளை மொழி' (2011) ஆகியவற்றில்தான் அந்தப் பார்வை திரும்புகிறது. நாமக்கல் பகுதிக் கிராமத்தில் வாசல் பெருக்கிக் கோலம் போடுவதில் ரேவதி கண்ட மகிழ்ச்சி முதலில் வருகிறது. அடியும் ஏளனமும் பிறகே வருகின்றன. வெட்கம் வந்து சேர்ந்த வரிசை அதுவே. மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற வித்யா பிச்சை எடுக்க நேர்கிறது. அங்கே அவரைக் கூச வைப்பது பெண்மை அன்று, பிழைக்க வேறு வழி விடாத புறக்கணிப்பு.

தன்பால் ஈர்ப்பைப் பற்றிய எழுத்திலும் இதே வரிசையைக் காணலாம். கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரையின் ஆங்கில நாவலான 'ஃபன்னி பாய்' (1994), பாட்டி வீட்டில் பிள்ளைகள் ஆடும் கல்யாண விளையாட்டில் தொடங்குகிறது. சேலை கட்டி மணப்பெண்ணாக நிற்கும் சிறுவன் ஆர்ஜியை உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பெரியவர்கள் முன் இழுத்துவந்து நிறுத்துகிறார். கூடம் சிரிக்கிறது. தான் செய்த பிழை என்னவென்று சிறுவனுக்குப் புரியவில்லை. வெட்கம் மட்டும் புரிகிறது.

அச்சத்தின் ஒரு பகுதியைச் சட்டம் நீக்கியுள்ளது. 2014 ஏப்ரல் 15இல் இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. 2018 செப்டம்பர் 6இல் வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலில் தமிழ்நாடு அரசு 2022இல் மதிப்பான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆனால் ஒரு கூடத்தின் சிரிப்பை எந்தத் தீர்ப்பும் நிறுத்திவிட முடியாது. அந்தச் சிரிப்பை வாங்கியவரின் இடத்தில் வாசகரை நிறுத்துவது இலக்கியத்தால் ஆகும்.

இவ்வெழுத்துகளை அளக்கும் கோலும் குறளிலேயே கிடைக்கிறது. நாணுடைமை அதிகாரத்தின் முதற்குறள், தகாத செயலுக்குக் கூசுவதையே நாண் என்று வரையறுக்கிறது. பிறந்தபடி இருப்பது செயலன்று. அடிப்பதும் ஏளனம் செய்வதும் வீட்டைவிட்டு விரட்டுவதும் செயல்கள். ஆகவே வள்ளுவர் சொல்லும் நாண், அவற்றைச் செய்தவருக்கே உரியது.