தேயிலைக் கம்பனியின் காலாண்டு அறிக்கையை வாசிப்பது எப்படி?

அரச தோட்டங்களின் முகாமைத்துவம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அந்தக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, 10 வீதப் பங்குகள் அங்கு வேலை செய்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டன. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து லயன்களில் இருந்து கொழுந்து பறிக்கப் போனவர்களும் அப்படித்தான் பங்குதாரர்கள் ஆனார்கள். ஆனால் கம்பனியின் கணக்கை எப்படி வாசிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பங்குச்சந்தையில் பதிவான ஒவ்வொரு கம்பனியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிட வேண்டும். முதல் மூன்று காலாண்டுகளுக்கும் அவகாசம் 45 நாட்கள். கொழும்பு பங்குச்சந்தையின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கணக்காய்வு செய்யப்படாத கணக்கு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கத்திலேயே வருமானமும் இலாபமும் இருக்கும். பத்திரிகைத் தலைப்புகள் அதிலிருந்துதான் வருகின்றன. அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 2022ஐ எடுங்கள். பசளைத் தடையின் பின்விளைவால் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடி கிலோவாக விழுந்தது. ஆனால் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதால், கொழும்பு ஏலத்தில் விலை ரூபாவில் இரட்டிப்புக்கு மேல் ஏறியது. மலையில் கொழுந்து குறைந்த வருடத்தில் கம்பனிகளின் வருமானம் பெருகியது. அதனால் வருமானம் கூடியிருந்தால், கிலோ கூடியதா, விலை கூடியதா, ரூபாதான் விழுந்ததா என்று பிரித்துப் பாருங்கள். ஒப்பிடுவதென்றால் முந்தின காலாண்டோடு அல்ல, போன வருடத்தின் அதே காலாண்டோடு. டிம்புல பக்கம் தை முதல் பங்குனி வரை தரமான தேயிலைக்காலம். அந்த விலை மழைக்காலத்தில் வராது.

அடுத்தது மரங்கள். தோட்டத்து யூக்கலிப்டஸ் மரங்கள் வளர வளர அவற்றின் மதிப்பும் கூடுகிறது. 'உயிரியல் சொத்துக்களின் நியாயப் பெறுமதி இலாபம்' என்று அது கணக்கில் ஏறும். மரம் வெட்டப்படவுமில்லை, காசு வரவுமில்லை. அந்த வரியைக் கழித்துவிட்டு இலாபத்தைப் பாருங்கள். சில நேரம் ஒன்றும் மிஞ்சாது.

எங்களுக்கு நேரடியாகப் படுவது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 20 வருடம் வேலை செய்தவருக்கு 280 நாள். 2021இல் வந்த 1,000 ரூபாவில் அது 2,80,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாவில் 3,78,000 ரூபா. சம்பளம் உயர்ந்தவுடன், கடந்துபோன 20 வருடங்களுக்குமான கடனும் சேர்ந்து உயர்கிறது. ஆனால் புத்தகத்தில் ஏறும் அந்தத் தொகை, ஆட்கள் ஓய்வுபெறப் பெற, பல வருடங்களாகத்தான் கம்பனியின் கையை விட்டுப் போகும். சில நேரம் அது இலாப நட்டக் கணக்கில் வரும், சில நேரம் அதற்குக் கீழே 'ஏனைய முற்றடக்க வருமானம்' என்ற பகுதியில் வரும். சம்பள உயர்வால் நட்டம் என்று கம்பனி சொன்னால், எவ்வளவு இந்த மூன்று மாதத்தில் கொடுத்த சம்பளம், எவ்வளவு இனிமேல் கொடுக்க வேண்டியது என்று கேட்க வேண்டும். தொழிற்சங்கங்கள் பேச்சுவார்த்தை மேசைக்கு இந்தப் பக்கங்களைக் கொண்டுபோனால், பேச்சே வேறு மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம்.

கடைசியாகக் காசுப் பாய்ச்சல் கூற்று. தொழிலிலிருந்து உண்மையில் எவ்வளவு காசு வந்தது, அதில் மீள்நடுகைக்கு எவ்வளவு போனது, பங்கிலாபமாக எவ்வளவு போனது என்பதெல்லாம் அங்கே இருக்கும். பங்கிலாபம் தாராளமாகவும் மீள்நடுகை அற்பமாகவும் இருந்தால், கிழட்டுச் செடியைக் கறக்கிறார்கள் என்று அர்த்தம்.

தோட்டத்தை விட்டு வன்னிக்கோ கொழும்புக்கோ வந்தவர்கள், அம்மா அப்பாவின் தகரப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரம் கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கிடந்தால், அதைச் சந்தையில் விற்பதற்கு முன் ஒரு பங்குத் தரகர் மூலம் சீ.டி.எஸ். கணக்கு திறந்து அதில் வைப்பிலிட வேண்டும். பெயருக்குரியவர் இறந்திருந்தால், வாரிசுகள் முதலில் கம்பனியின் செயலாளருக்கு எழுதி, என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்க வேண்டும்.