யார் கையில் அளவுகோல்?

மனித மரபணுவைத் திருத்தலாமா கூடாதா என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி வேறு. எது நல்ல பிறப்பு, எது கோளாறான பிறப்புன்னு முடிவு பண்றது யாரு? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. அதுல நம்ம மூக்கும் இருக்கு.

1883இல் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்ட்டன் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார். ‘நல்ல’ பிறப்புள்ளவர்கள் பெருக வேண்டும், மற்றவர்கள் குறைய வேண்டும் என்பதே அதன் சாரம். பிறப்பால் உயர்வு தாழ்வு என்பது நமக்கென்ன புதுசா? அதே காலத்தில் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி வங்காளத்தில் சனங்களின் மூக்கை அளந்து, சாதி அடுக்குக்கு இன அடிப்படை உண்டென்று எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டனும் இங்கே சாதிவாரியாக மூக்கையும் தலையையும் அளந்தார்.

அளப்பதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் கேரி பக் என்ற ஏழைப் பெண் வல்லுறவால் தாயானவள். அவளுக்கு ‘மூளை வளர்ச்சி குறைந்தவள்’ என்று முத்திரை குத்தினார்கள். அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவள் மகளோ பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தாள். அந்த நாட்டில் இப்படி 60,000 பேருக்கு மேல். நாஜி ஜெர்மனியில் சுமார் 4 லட்சம் பேர்.

சாதி ரத்தத் தூய்மையைக் காக்கிறது, அதுவும் யூஜெனிக்ஸ்தான் என்று இங்கேயும் வாதாடினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அதை உடைத்தார். சாதி நல்ல சந்ததியை உண்டாக்குமென்றால் இந்நாட்டு மக்கள் ஏன் இப்படி நலிந்து கிடக்கிறார்கள் என்பது அவர் வாதம். 1948இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் மூக்களவுக் கணக்கையே எடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்று காட்டினார். அவங்க கோலாலேயே அவங்களை அடிச்சார்.

2018இல் சீனாவின் ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்ததாக அறிவித்தார். மறு வருடம் அவருக்கு 3 ஆண்டு சிறை. ஆனால் திருத்தம் அந்தப் பிள்ளைகளோடு நிற்காது. அவர்களுடைய சந்ததிக்கும் போகலாம். அவங்ககிட்ட யார் கேட்டது?

மரபணு மருத்துவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிவாள் செல் சோகை இந்தியாவில் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில்தான் கண்டறியப்பட்டது. அதற்கான மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் கொடுத்தன. நோயாளியின் ரத்தம் ஊறும் செல்களை மட்டும் திருத்துகிறது, சந்ததியைத் தொடுவதில்லை. ஆனால் அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். எந்த மலைக் குடிசைக்கு இது எட்டும்?

வலியைத் தீர்ப்பது வேறு, பிறப்பைத் தரம் பிரிப்பது வேறு. முன்னதை நாம் உரிமையாகக் கேட்க வேண்டும். பின்னதை, எவ்வளவு நவீன கருவியோடு வந்தாலும், சாதி என்றே அடையாளம் காண வேண்டும்.