மழைநீர் மையம், மந்தைவெளி

சென்னை மந்தைவெளியில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை 2002-இல் தொடங்கிய மழைநீர்ச் சேகரிப்பு விளக்க மையம். ‘ரெயின் சென்டர்’ என்றே பரவலாக அறியப்படுகிறது. இயற்பியல் படித்த சேகர் ராகவன் இதை முன்னின்று நடத்தியவர். மொட்டைமாடியில் விழும் நீரை வடிகட்டித் தொட்டியில் சேர்ப்பதும், மிஞ்சியதைக் கிணற்றிலோ கசிவுக் குழியிலோ இறக்குவதும் இங்கே மாதிரிகளாக வைக்கப்பட்டன. இப்பகுதியின் கடலோர மணல் நீரை விரைந்து உறிஞ்சும். நிலத்தடி நன்னீர் குறைந்தாலோ உப்புநீர் உட்புகும். ஆகவே பழைய திறந்த கிணற்றை மூடாமல் அதற்குள் மழைநீரைத் திருப்புவதே இப்பகுதிக்கு எளிய வழி. 2003-இல் தமிழக அரசு கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சட்டத்துக்காக அவசரமாகப் பொருத்தியவற்றுள் பல பராமரிப்பின்றி அடைத்துக்கொண்டன. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றின.