நரசிம்மன், சி. வி. (1915–2003)

சக்ரவர்த்தி விஜயராகவ நரசிம்மன், ஐக்கிய நாடுகள் அவையில் உயர் பதவி வகித்த தமிழ்நாட்டு அதிகாரி. ஸ்ரீரங்கத்தில் பிறந்தார். இந்திய சிவில் சர்வீஸில் (ஐ.சி.எஸ்.) சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். 1956 முதல் 1959 வரை, பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய, தூரக் கிழக்குப் பொருளாதார ஆணையத்தின் செயலாளராக இருந்தார். பின்னர் நியூயார்க்கில் துணைப் பொதுச் செயலாளரானார்.

தலைமை அலுவலர்: 1961இல் பொதுச் செயலாளர் அலுவலகத்தின் தலைமை அலுவலரானார், ஊ தாண்ட் பொதுச் செயலாளராக இருந்த ஆண்டுகளிலும் இப்பொறுப்பில் நீடித்தார். காங்கோ அமைதிப்படை நடவடிக்கை, 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி ஆகியவற்றை அவ்வலுவலகம் எதிர்கொண்ட காலம் அது.

மேற்கு நியூகினி: 1962 ஆகஸ்ட் 15இல் நெதர்லாந்தும் இந்தோனேசியாவும் செய்த உடன்பாட்டின்படி, அக்டோபர் 1 முதல் இப்பகுதியை ஐ.நா. இடைக்கால நிர்வாகம் ஏற்றது. ஒரு நிலப்பரப்பை ஐ.நா. நேரடியாக ஆண்டது இதுவே முதல்முறை. பாகிஸ்தான் வீரர்கள் சுமார் 1,500 பேர் பாதுகாப்புப் படையில் இருந்தனர். செலவை இரு நாடுகளும் சமமாக ஏற்றன. 1963 மே 1இல் நிர்வாகம் இந்தோனேசியாவிடம் கைமாறிய விழாவில், ஊ தாண்டின் தனிப் பிரதிநிதியாக நரசிம்மன் கலந்துகொண்டார்.

பிற பணிகள்: மகாபாரதத்தின் தேர்ந்த சுலோகங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், கொலம்பியா பல்கலைக்கழகம் 1965இல் அதை வெளியிட்டது. 1966 அக்டோபரில் எம். எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. அவையில் பாடியதற்கு இவர் முயற்சி துணைநின்றது. ஐ.நா. அனுபவங்களை ஆங்கில நூலாகவும் எழுதினார்.