அரிய பக்கவிளைவுகளும் பொது அளவுகோலும்

தடுப்பூசி ஏற்றப்பட்ட பின்னர் ஒரு குழந்தை நோயுற்றால் இரண்டு வினாக்கள் எழுகின்றன. குழந்தைக்கு நேர்ந்தது என்ன என்பது முதலாவது. அதற்குத் தடுப்பூசிதான் காரணமா என்பது இரண்டாவது. முதலாவதற்கு விடை காணாமல் இரண்டாவதற்குத் தாவும்போதே வதந்திகளுக்கு இடம் ஏற்படுகின்றது.

எமது நாடும் இதனை அனுபவத்தில் கண்டுள்ளது. ஐந்து நோய்களுக்கு எதிரான 'பென்டாவலன்ட்' தடுப்பூசி 2008 ஜனவரியில் இலங்கையில் அறிமுகமானது. மூன்று மாதங்களுக்குள் நான்கு மரணங்களும், குழந்தைகள் திடீரெனத் துவண்டுபோனதாகச் சந்தேகிக்கப்பட்ட 24 சம்பவங்களும் அறிக்கையிடப்பட்டன. முதற்றொகுதி மருந்து நிறுத்தப்பட்டது. 2009 ஏப்ரலில், அடுத்த தொகுதி வழங்கப்பட்ட போதும் ஒரு மரணம் நிகழ்ந்ததையடுத்து அத்தடுப்பூசி முற்றாக இடைநிறுத்தப்பட்டது. சுயாதீன நிபுணர்களின் மீளாய்வுக்குப் பின்னர் 2010 இல் அது மீண்டும் பாவனைக்கு வந்தது.

'துவண்டுபோதல்' என்பதை ஒவ்வொரு வைத்தியரும் ஒவ்வொரு விதமாகப் பொருள்கொண்டால் 24 என்ற எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை. இக்குறையைத் தீர்க்கவே 2000 ஆம் ஆண்டில் பிரைட்டன் கூட்டமைப்பு என்ற சர்வதேச நிபுணர் வலையமைப்பு தோன்றியது. அதன் வரைவிலக்கணப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் தசைத் தளர்வு, துலங்கற் குறைவு, தோல் வெளிறல் அல்லது நீலம் பாரித்தல் ஆகிய மூன்றும் திடீரெனத் தோன்றினால் அது முதலாம் மட்டச் சான்றாகும். சான்று குறையும்போது மட்டமும் இறங்கும். இம்மட்டங்கள் நிச்சயத்தன்மையைக் குறிக்கின்றனவேயன்றி, நோயின் கடுமையை அல்ல. தடுப்பூசிதான் காரணம் என்றும் அவை தீர்ப்பளிப்பதில்லை.

வரைவிலக்கணத்தை எழுதினால் மட்டும் போதாது. அது பரீட்சிக்கப்படவும் வேண்டும். நோய் ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்டவர்களின் வைத்தியசாலைப் பதிவுகளிலும், நோயில்லாதவர்களின் பதிவுகளிலும் அது பிரயோகிக்கப்படும். நோயாளரை அது இனங்காண்கின்றதா, ஏனையோரை விலக்குகின்றதா, ஒரே பதிவை வாசிக்கும் இரு வைத்தியர்கள் ஒரே முடிவுக்கு வருகின்றனரா என்பன ஆராயப்படும். அளவுகோல் தளர்ந்திருந்தால் சாதாரண மயக்கமும் பக்கவிளைவாகி வீண்பீதி பரவும். இறுகியிருந்தால் உண்மையான பாதிப்பு கணக்கில் வராமலே மறைந்துவிடும்.

அரிய பாதிப்புகளில் இதன் அவசியம் மேலும் தெளிவாகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1998 இல் அங்கீகரிக்கப்பட்ட ரொட்டா வைரஸ் தடுப்பூசி, குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்தை ஏற்படுத்தியதால் 1999 ஒக்டோபரில் மீளப்பெறப்பட்டது. அவ்வாபத்து ஏறத்தாழ 10,000 குழந்தைகளுக்கு ஒன்று எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. சில ஆயிரம் குழந்தைகளைக் கொண்ட பரிசோதனையில் இத்தகைய ஆபத்து வெளிப்படாமலே போகலாம். ஆகவே பின்னர் வந்த இரு ரொட்டா தடுப்பூசிகள் ஒவ்வொன்றும் 60,000 இற்கும் அதிகமான குழந்தைகளிடம் பரீட்சிக்கப்பட்டன. பல நாடுகளின் எண்ணிக்கைகளை ஒன்றுசேர்க்கவேண்டிய வேளையில், ஒரே சொல் எங்கும் ஒரே பொருளைத் தரவேண்டும்.

மிகச்சிறந்த வரைவிலக்கணமும் நோயாளியின் பதிவேட்டிலேயே தங்கியுள்ளது. அறிகுறி தோன்றிய நேரம், குழந்தையின் நிறம், அழைத்தபோது அது துலங்கியதா என்பன தாய் கூறியவாறே அன்றே எழுதப்படல் வேண்டும். அன்று எழுதப்படாததைப் பின்னர் எந்த நிபுணர் குழுவாலும் மீட்டெடுக்க இயலாது. பிள்ளையை இழந்த பெற்றோருக்கு வெறும் ஆறுதல் வார்த்தை போதாது. சான்றுடன் கூடிய விடை வேண்டும். தடுப்பூசி மீதான மக்களின் நம்பிக்கையும் அத்தகைய விடையிலேயே தங்கியுள்ளது.