பெயரேடும் இரண்டாம் சாட்சியும்

ஓர் ஊரின் முகவரி முறையை அறிந்தவன் அவ்வூரில் வழி தவறுவதில்லை. ரப்பரும் செம்பனையும் தழைத்த தோட்ட நிலத்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம் ஷா ஆலம். 1974ஆம் ஆண்டு கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. அதன்பின், 1978 டிசம்பர் 7ஆம் நாள், ஷா ஆலம் சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகராக அறிவிக்கப்பெற்றது. எண்ணிட்ட செக்‌ஷன்களாக வகுக்கப்பட்ட ஊர் இது. சாலைப் பெயரின் இறுதியில் 15/7 என்றிருப்பின், அச்சாலை செக்‌ஷன் 15இல் உள்ளதென உணரலாம். அஞ்சல்காரர் நகரத்துச் சாலைகள் அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செக்‌ஷனை அடைந்தபின் மற்றதை அங்கே தேடிக் கொள்ளலாம்.

இணையமும் இவ்வாறே பகுக்கப்பட்ட ஒரு நகரம்தான். கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறியும். மனிதரோ பெயர்களாலேயே நினைவு கொள்வர். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் அமைப்பே டி.என்.எஸ். எனச் சுருங்க வழங்கும் களப்பெயர் முறை. அது நலமாக இயங்கும்வரை அதனை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு காலைப்பொழுதில் சிற்றலுவலகம் ஒன்றில் மின்னஞ்சல் நின்று, வங்கியின் பக்கம் திறக்க மறுத்து, கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டிய சரக்குப் பத்திரங்கள் தேங்கும்போதுதான், அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

இம்முறை தோன்றிய கதை சுவையானது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில், 1970களில், எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் நிலையம் அதனைப் பேணி வந்தது. புதிய கணினி ஒன்று சேர்ந்தால் அந்நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஏனையோர் புதுக்கோப்பைப் படியெடுத்துக் கொள்ள வேண்டும். கணினிகள் சிலவாக இருந்தவரை இது போதுமானதாயிற்று. எண்ணிக்கை பெருகவே, ஒரு கை எழுதிய ஏடு உலகின் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை.

1983ஆம் ஆண்டு, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு மாற்றுக் கண்டார். ஓர் ஏட்டைப் பல கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் அதற்குரியவரே பேணட்டும் என்பதே அவர்தம் வழி. வேர்ச் சேவையகம் நாட்டுக் கிளையைக் காட்டும். நாட்டுக் கிளை அதனுள் அடங்கிய கிளையைக் காட்டும். இறுதியில் அந்தந்த நிறுவனத்தின் சேவையகமே விடை பகரும். மலேசியாவுக்குரிய ‘.மை’ என்னும் கிளை 1987 ஜூன் மாதம் அம்மரத்தில் துளிர்த்தது. இன்று அதன் பதிவேட்டை மைநிக் நிறுவனம் பேணி வருகிறது.

ஏடு பலர் கைக்குப் போனதால் வளர்ச்சி எளிதாயிற்று. பிழையின் இருப்பிடமும் பலவாயிற்று. எனவே பழுது தேடுவோர்க்குப் பொறுமையும் வரிசையும் வேண்டும். முதலில், 8.8.8.8 போன்ற ஓர் எண் முகவரிக்குச் செய்தி சென்று மீள்கிறதா எனக் காண வேண்டும். எண் எட்டியும் பெயர் எட்டாவிடின், கம்பியில் குற்றமில்லை. பெயர் தேடும் பாதையிலேயே குற்றம். அடுத்து, இடர்ப்படுவது ஒரு கணினியா, அலுவலகம் முழுவதுமா என வினவ வேண்டும். ஒன்றாயின் அக்கணினியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அனைத்துமாயின் ரவுட்டரையோ இணையச் சேவையையோ பார்க்க வேண்டும்.

சிற்றலுவலகங்களில் அடிக்கடி நேரும் தவறு ஒன்றுண்டு. கணக்குக் கோப்புகள் உள்ள சேவையகத்தின் பெயரை அலுவலகத்தின் உட்சேவையகம் மட்டுமே அறியும். வேகம் கருதி, வெளியார் டி.என்.எஸ். எண்ணையும் கணினிகளில் இரண்டாவதாகச் சேர்த்துவிடுவர். கணினி எப்போதேனும் வெளியாரிடம் கேட்கும். வெளியார், “அப்படி ஒரு பெயரே இல்லை” என்பர். பழுது வந்து வந்து மறைவதன் காரணம் இதுவே. இன்னொன்று, பழைய விடையின் நிழல். ஒரு விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதைப் பெயருக்குரியவரே குறித்திருப்பார். 86,400 நொடிகள் எனக் குறித்திருந்தால், சேவையகத்தை இடம் மாற்றிய பின்னும் ஒரு நாள்வரை பழைய எண்ணே சிலருக்குக் கிடைக்கும். முன்கூட்டியே அந்நேரத்தைக் குறைத்து வைப்பவரே அறிவுடையார்.

இவையனைத்திலும் சிறந்த சோதனை, அதே வினாவை வேறொரு சேவையகத்திடம் கேட்டுப் பார்த்தலாகும். இரு விடைகள் மாறுபடின், குற்றம் எங்கென்பது விளங்கத் தொடங்கும். வழக்கில் இரண்டாம் சாட்சிக்கு உள்ள மதிப்பு இங்கும் உண்டு. ஆயினும் எல்லாச் சாட்சிகளும் ஒருங்கே பொய்த்த நிகழ்ச்சியும் உண்டு. 2013 அக்டோபரில் கூகுளின் மலேசிய முகவரிகளைத் தேடியோர் வேறோர் எண்ணுக்குத் திருப்பப்பட்டனர். அத்துமீறிப் புகுந்தோர் மாற்றியது நாட்டுப் பதிவேட்டிலிருந்த குறிப்பை. கிளையின் அடியிலேயே பிழை புகுந்தால், எந்தச் சிற்றலுவலகமும் தன் ரவுட்டரைத் திருத்திப் பயனில்லை.

2024ஆம் ஆண்டு வேறொரு வினாவை எழுப்பிற்று. வெளிநாட்டு டி.என்.எஸ். சேவையகங்களுக்குச் செல்லும் வினாக்களைத் தங்கள் சேவையகங்களுக்கே திருப்ப வேண்டுமென, இணையச் சேவை நிறுவனங்களுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் பணித்தது. செப்டம்பர் 30ஆம் நாள் கெடுவாயிற்று. இணையச் சூதாட்டம், ஆபாசம் முதலிய தீங்குகளிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கமென ஆணையம் விளக்கியது. அந்நோக்கத்தை எளிதிற் புறந்தள்ள இயலாது. சூதாட்டத் தளங்களால் நலிந்த குடும்பங்கள் உண்டு. ஆயினும் எதிர்ப்பு வலுத்தது. செப்டம்பர் 8ஆம் நாள், அத்திட்டத்தைத் தொடர வேண்டாமென ஆணையத்திடம் தெரிவித்ததாகத் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அறிவித்தார்.

பழுது தேடுவோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. அவ்வாறு திருப்பப்பட்ட வலையில், 8.8.8.8 என்னும் சேவையகத்தைக் கேட்டதாக அலுவலகக் கணினி நம்பும். விடை தருவதோ வேறொருவர். இரண்டாம் சாட்சியின் இருக்கையில் முதற் சாட்சியே மாறுவேடத்தில் அமர்ந்திருப்பான். இரு விடைகளும் ஒத்திருப்பது கண்டு, பிழையில்லை என்று மயங்க நேரும். இதனைக் கண்டறியவும் ஓர் எளிய வழி உண்டு. டி.என்.எஸ். சேவையகமே இல்லாத ஓர் எண்ணிடம் வினாவை அனுப்பிப் பார்க்க வேண்டும். மௌனமே கிடைத்தால் முறை. விடை வந்துவிடின், இல்லாத சாட்சிக்காக இடையில் எவரோ பேசுகிறார் என்பது தெளிவு.

ஓர் ஏட்டை ஒரு கை எழுதிய நாளில் தொடங்கி, பலர் கூடிப் பேணும் மரமாக வளர்ந்தது இப்பெயர் முறை. அதன் வலிமை அதன் வேகத்தில் மட்டுமன்று. ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் கேட்டுச் சரிபார்க்க இயலும் என்பதிலேயே உள்ளது. மாடியறையில் ஐந்தாறு கணினிகளோடு பிழைப்பு நடத்தும் சிற்றலுவலகத்துக்கும் அவ்வுரிமை வேண்டும். கேட்டவரே விடை சொன்னார் என்ற உறுதி நிலைக்கும்வரைதான் பழுதைத் தேடவும் முடியும், தீர்க்கவும் முடியும்.